குறிப்பறிதல் வேறு, சூது வேறு

கொடைக்கானலிலிருந்து வில்பட்டி, பள்ளங்கி பக்கம் போகும் வழியில் இருக்கிறது நாயுடுபுரம். சரிவு நெடுக வாடகைக்கு விடும் குடில்களும் தங்கும் வீடுகளும்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மேகமூட்டமும் இறங்கிவிட்டால் மலைக்கு வந்தவர்கள் வெளியே தலைகாட்ட முடியாது. பையிலிருந்து சீட்டுக்கட்டு வெளியே வரும். சீட்டாட்டம் என்றாலே தமிழ்நாட்டில் நம் நினைவுக்கு வருபவை இரண்டு செய்திகள்தாம். விடுதி அறையில் பணம் வைத்துச் சூதாடியவர்கள் கைது என்பது ஒன்று. செல்போனில் ரம்மி ஆடிக் கடனாளியானவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது மற்றொன்று. இந்த இரண்டிலும் சேராத ஒன்று இருக்கிறது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எந்தக் கருவியின் துணையும் இல்லாமல், எதிரே இருப்பவர் கையில் என்ன இருக்கும் என்பதை அவருடைய நடத்தையை வைத்தே கணிக்கிறார்களே, அது. சீட்டாட்டத்தில் மனித அறிவுக்கு உண்மையில் வேலை தரும் பகுதி இதுதான். நீதிமன்றங்கள் ‘திறமை’ என்று சொல்லிக் காத்து நின்றதும் பெருமளவு இதைத்தான். ஆனால் அந்தத் திறமையின் பெயரால் காப்பாற்றப்பட்ட செல்போன் ஆட்டத்தில் அதன் பெரும்பகுதி மென்பொருளின் கைக்குப் போய்விட்டது. மேசையில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. பணத்தை அகற்றிவிட்டால் அங்கே பத்திரமாகவும் இருக்கும் என்பது என் வாதம்.

ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு இந்தத் திறமை புதிதில்லை. எதிராளி எந்தச் சீட்டை எடுக்கிறார், எதைக் கீழே போடுகிறார் என்று கவனித்தே அவர் எந்த வரிசைக்குக் காத்திருக்கிறார் என்று சொல்லிவிடுபவர்கள் பல குடும்பங்களில் உண்டு. யாழ்ப்பாணத்தார் விரும்பி ஆடும் முந்நூற்று நாலில், கவிழ்த்து வைத்த துரும்பு எந்த இனம் என்பதை ஆட்டத்தின் போக்கை வைத்தே ஊகிப்பார்கள். போக்கரில் இந்த ஊகம்தான் ஆட்டமே. இன்று உலகெங்கும் அதிகம் ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் மூடிய சீட்டு இரண்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என்று ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தை வைத்திருப்பவருக்கு வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயமாக வைக்கும் டோக்கனைக் கூட்டலாம், மற்றவர் கூட்டியதற்கு ஈடு கொடுக்கலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட்டால் மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலேயே ஜெயித்துவிடுவார். 2009இல் சிஜிடல் என்ற நிறுவனம் இணையத்தில் ஆடப்பட்ட பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கைகளை (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஆராய்ந்தபோது, அவற்றில் 75.7 சதவீதம் சீட்டைக் காட்டாமலேயே முடிந்திருந்தது தெரிந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு போக்கர் நிறுவனம்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கைதான். நான்கில் மூன்று முறை வெற்றியைத் தீர்மானித்தது கையில் இருந்த சீட்டு அல்ல, அதைப் பற்றி எதிராளி நம்பியது.

அப்படியானால் அந்த நம்பிக்கையை எதை வைத்து உருவாக்குவது? முகத்தை வைத்து என்பதுதான் பலரும் சட்டென்று சொல்லும் பதில். சினிமா வளர்த்துவிட்ட பதில் இது. கண் இமைப்பதையும் உதடு துடிப்பதையும் பார்த்துக் கதாநாயகன் எதிராளியின் மனதைப் படித்துவிடுவான். ஆய்வுகள் இதற்கு ஆதரவாக இல்லை. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 24,500 பேர், சொல்லப்பட்டது பொய்யா மெய்யா என்று தீர்ப்பளித்த ஆய்வுகள் அவை. சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலே 50 வந்திருக்கும். 2013இல் மைக்கேல் ஸ்லெபியன் குழுவினர் உலக போக்கர் தொடரின் வீடியோக் காட்சிகளை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டி, யாரிடம் நல்ல சீட்டு இருக்கிறது என்று கேட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் கணிப்பு எதேச்சையாகச் சொல்வதைவிடவும் சற்று மோசமாக இருந்தது. டோக்கனை நடுவே தள்ளும் கையை மட்டும் பார்த்தவர்களோ எதேச்சையைவிட மேலாகச் சொன்னார்கள். தயக்கமில்லாமல் சீராக நகர்ந்த கை, நல்ல சீட்டைக் காட்டிக்கொடுத்தது. காரணம் எளிது. முகத்தை எல்லோரும் காவல் காக்கிறார்கள். கையைக் காவல் காக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

காவல் இல்லாத இடத்தைத் தேடுவதுதான் மேசையில் ஆளைப் படிப்பதன் அடிப்படை. 1984இல் மைக் காரோ எழுதிய புத்தகத்திலிருந்து இன்றுவரை பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் ஓர் உதாரணம் போதும். நடுவில் திறந்த மூன்று சீட்டும் இஸ்பேட். ஐந்து இஸ்பேட் சேர்ந்தால் பலமான கை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நொடியில் ஒருவர் தன் மூடிய சீட்டுகளின் ஓரத்தைத் தூக்கி மறுபடி பார்க்கிறார். அவரிடம் இரண்டு இஸ்பேட் இருந்திருந்தால் பார்த்திருக்க மாட்டார். ஒரே இனத்தில் இரண்டு வந்தது மனதில் பதிந்திருக்கும். ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும் வைத்திருப்பவருக்குத்தான் அந்தக் கறுப்பு இஸ்பேடா கிளாவரா என்ற சந்தேகம் வரும். ஆகவே அவர் கை இன்னும் முடியவில்லை, அதிகம் போனால் ஓர் இஸ்பேடுக்காகக் காத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் மாந்திரீகம் ஏதுமில்லை. மனித நினைவு எப்படி வேலை செய்கிறது என்ற அறிவு மட்டும் இருக்கிறது. இதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. பழக்கதோஷத்தில் எப்போதும் சீட்டைத் தூக்கிப் பார்ப்பவர் உண்டு. வேண்டுமென்றே பார்த்து ஏமாற்றுபவரும் உண்டு. எனவே முதல் அரைமணி நேரம் ஒருவருடைய சாதாரண நிலை என்ன என்று தெரிந்துகொள்ளவே போய்விடும். இயல்பாகவே வாயாடி ஒருவர் பேசினால் அதில் செய்தி ஏதுமில்லை, அவர் திடீரென்று வாயை மூடினால்தான் செய்தி. எப்போதும் நிதானிப்பவர் ஒரு கட்டத்தில் யோசிக்காமல் ஈடு கொடுத்தால், அவருக்கு அங்கே முடிவெடுக்க ஏதுமில்லை என்று பொருள். அதாவது கை மிகப் பலமும் அல்ல, விட்டுவிடும் அளவுக்கு மோசமும் அல்ல.

இதோடு கணக்கும் சேர வேண்டும். 52 சீட்டில் இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் 1,326. எதிராளி வைத்திருக்கக்கூடியது இவற்றில் ஒன்று என்று தொடங்கி, அவர் செய்யும் ஒவ்வொன்றையும் வைத்துக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஒருவர் ஆரம்பத்திலேயே பலமாகக் கூட்டுகிறார். அவரிடம் இரண்டு ஆஸ் இருக்கலாம், ஒரு ஆஸும் ஒரு ராஜாவும் இருக்கலாம். இரண்டு ஆஸ் வர 6 வழி, ஆஸும் ராஜாவும் வர 16 வழி. இப்போது உங்கள் கையில் ஒரு ஆஸ், நடுவில் இன்னொரு ஆஸ் என்றால் மீதி இருப்பது இரண்டே ஆஸ். அவரிடம் இரண்டு ஆஸ் இருக்க ஒரே ஒரு வழிதான். ஆஸும் ராஜாவும் இருக்க 8 வழி. முதலில் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்றாக இருந்தது எட்டுக்கு ஒன்றாகிவிட்டது. பேப்பரும் பேனாவும் இல்லாமல், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு தெரிந்த யாரும் மேசையிலேயே போடக்கூடிய கணக்கு இது. நளன் கதையில் ருதுபர்ணன் தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் ஒரு பார்வையில் எண்ணிச் சொல்லி, அந்த எண் வித்தையை நளனுக்குக் கற்றுக்கொடுக்கிறான். சூதில் நாட்டை இழந்தவன் அதற்குப் பிறகுதான் மீட்கிறான். எண்ணத் தெரியாதவனின் உள்ளுணர்வு எங்கே கொண்டுபோய் விடும் என்பது நம் கதைசொல்லிகளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. மேசையில் ஒரு மணிக்கு இருபத்தைந்து, முப்பது கைகளுக்கு மேல் ஓடாது. அதில் பெரும்பாலானவற்றை நல்ல ஆட்டக்காரர் கவிழ்த்துவிடுவார். கவிழ்த்த பிறகு அவர் சும்மா இருப்பதில்லை. அவருடைய உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. யார் எந்த அளவு கூட்டினார், கடைசியில் காட்டிய சீட்டுக்கும் அதற்கும் பொருத்தம் இருந்ததா என்று மனதுக்குள் குறித்துவைத்துக்கொள்கிறார். இந்த நினைவுக் கணக்கேடுதான் திறமை. பார்வை கொஞ்சம், பொறுமை கொஞ்சம், எண் கொஞ்சம். மூன்றும் ஒரே தலைக்குள் சேர வேண்டும்.

மென்பொருள் செய்தது, இந்தக் கணக்கேட்டைத் தலையிலிருந்து பிடுங்கித் திரையில் வைத்தது. இணையத்தில் தீவிரமாக ஆடுபவர்களிடம் ஒவ்வொரு எதிராளியின் பெயருக்கும் பக்கத்தில் எண்களைக் காட்டும் மென்பொருள் வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. இவர் நூறு கைக்கு எத்தனையில் தானாக முன்வந்து பணம் போடுகிறார், எத்தனையில் கூட்டுகிறார், பெரிதாகக் கூட்டினால் எத்தனை முறை பின்வாங்குகிறார் என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான கைகளிலிருந்து கணக்கிட்டுச் சுடச்சுட வரும். அதை வைத்துக்கொண்டு ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடலாம். எதிராளியை ஒரு மனிதராக நினைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. சில தளங்கள் இத்தகைய வெளி மென்பொருளைத் தடைசெய்தன. தடை போட வேண்டியிருந்தது என்பதே அது எவ்வளவு பெரிய அனுகூலம் என்பதற்குச் சாட்சி. அடுத்த கட்டமாக, எந்தச் சூழலில் எதைச் செய்வது உகந்தது என்று கணக்கிட்டுத் தரும் மென்பொருள்கள் வந்தன. நேரடி மேசையையும் இது விட்டுவைக்கவில்லை. 2024 உலக போக்கர் தொடரின் இறுதி ஆட்டத்தில், ஒரு கோடி டாலர் வென்ற ஜோனதன் தமாயோ ஆட்டத்தின் நடுநடுவே எழுந்துபோய், லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்த நண்பர்களிடம் பேசிவிட்டு வந்தது பெரிய சர்ச்சையானது. அன்றைய விதிப்படி அது குற்றமாகக் கருதப்படவில்லை. அதற்குப் பிறகு அமைப்பாளர்கள் விதிகளை இறுக்கினார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரை அவரைப் போன்ற ஒரு மனிதர் மட்டுமே எடைபோட வேண்டும் என்பதை ஆட்டத்தின் மிகப் பெரிய மேடையே எழுத்தில் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது.

இங்கேதான் நம்முடைய வழக்குகளைப் பார்க்க வேண்டும். 1968இல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்யநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில், ரம்மி பெருமளவு திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விழும் சீட்டுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும் என்பவை அது காட்டிய காரணங்கள். அது ஒரு கிளப்பில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய ஆட்டம். அரைநூற்றாண்டு கழித்து அதே காரணங்கள் செல்போனுக்குப் பெயர்ந்தன. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2021இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி ரத்துசெய்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது. அதன்பின் வந்த சட்ட மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில்தான் அது நடைமுறைக்கு வந்தது. 2023 நவம்பர் 9ஆம் தேதி உயர் நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் நீக்கியது. நேரில் ஆடுவதும் இணையத்தில் ஆடுவதும் வேறுவேறு என்பதை அரசு நிரூபிக்கவில்லை, இயந்திரங்கள் மனிதர்போல் ஆடக்கூடும் என்ற அச்சத்துக்கும் போதிய ஆதாரம் தரப்படவில்லை என்பது அதன் பார்வை. நீதிமன்றம் தன் முன் வைக்கப்பட்டதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அந்த வேறுபாடு உண்மையானது. அதை அரசுத் தரப்பு விரல் நீட்டிக் காட்டியிருக்க வேண்டும். மேசையில் இரு தரப்புக்கும் ஒரே கருவி, இரண்டு கண்ணும் ஒரு தலையும். திரையில் ஒருவருக்கு மென்பொருள், இன்னொருவருக்கு வெறும் கட்டைவிரல்; எதிரே இருப்பது மனிதனா என்று சோதித்தறியும் வழியும் அவருக்கு இல்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. ஆளைப் படிப்பதே வீண், கணிதம்தான் எல்லாம் என்று கணினி நிரூபித்துவிட்டதே என்பார்கள். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரச் சூதாட்ட விடுதி ஒன்றில் லிப்ராடஸ் என்ற நிரல், உலகின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் நால்வரை 20 நாளில் 1,20,000 கைகள் ஆடி வென்றது. 2019இல் புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் ஆடும் மேசையிலும் வென்றது. இரண்டும் எதிராளியின் பலவீனத்தைப் படித்துச் சுரண்டவில்லை. யாராலும் தன்னைச் சுரண்ட முடியாதபடி ஆடுவதே அவற்றின் வழி. லிப்ராடஸ் இரவுதோறும் அடைத்துக்கொண்டது தன் ஓட்டைகளைத்தான். இது உண்மை. ஆனால் இதிலிருந்து வரும் முடிவு, ஆளைப் படிப்பது வீண் என்பதல்ல. தோற்காமல் இருக்க ஆளைப் படிக்க வேண்டியதில்லை என்பது மட்டுமே. எதிராளி தவறு செய்கிறவராக இருந்தால், அவருடைய குறிப்பிட்ட தவறைக் கண்டுகொண்டவர் அந்த நிரலைவிட அதிகம் ஈட்டுவார். தவறு செய்யாத மனிதர் எந்த மேசையிலும் இல்லை. மேலும், அந்தக் கணக்கைப் போட லிப்ராடஸுக்கு உயர்திறன் கணினி தேவைப்பட்டது. மனிதர் மூளையில் அது கொள்ளாது. கருவி இல்லாத மேசையில் நமக்கு மிஞ்சுவது கவனமும் நினைவும்தான். சதுரங்கத்தில் கணினி எல்லோரையும் வென்று முடித்த பிறகும் சென்னைப் பிள்ளைகள் உலகப் பட்டம் வெல்கிறார்கள். அங்கே ஆட்டக்கூடத்துக்குள் போனைக் கொண்டுபோக விடுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திரையிலும் ஆளைப் படிக்க முடியும் என்பது இன்னொரு மறுப்பு. முடியும்தான். 2007இல் நார்வே இளம்பெண் அனெட் ஓப்ரெஸ்டாட், 180 பேர் ஆடிய ஓர் இணையப் போட்டியில் தன் சீட்டுகளை மறைத்துவைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை மட்டும் பார்த்து, முதலிடம் பிடித்தார். எதிராளிகள் கூட்டும் அளவு, எடுத்துக்கொள்ளும் நேரம், தன் முறை வரும் வரிசை ஆகியவற்றைக் கவனித்தாலே போதும் என்று காட்டுவதற்காக ஆடியது அது. மனிதர்களோடு ஆடும்போது சீட்டைவிட மனிதரே முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடைக்காது. அந்த வகையில் அது என் வாதத்துக்கே பலம். ஆனால் அவர் எளிய நுழைவுக் கட்டணப் போட்டியில், தானே கவனித்து ஆடினார். வேலை முடிந்து வந்து படுக்கையில் சாய்ந்தபடி போனைத் திறக்கும் திண்டுக்கல் இளைஞருக்கும், பல மேசைகளைத் திறந்து வைத்து எண்களைப் பார்த்து ஆடுபவருக்கும் நடுவில் அப்படிப்பட்ட சமநிலை கிடையாது.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். திறமை, திறமை என்று புகழ்வதுதான் ஆட்களை இழுக்கும் தூண்டில், எத்தனை குடும்பங்கள் நாசமாயின என்பது அது. இணையச் சூதாட்டத்தால் 40க்கும் மேற்பட்டோர் உயிரை மாய்த்துக்கொண்டதாக அரசே சட்டப்பேரவையில் சொல்லியிருக்கிறது. விளம்பரங்கள் திறமை என்ற சொல்லைத்தான் முன்னே பிடித்து வந்தன. இந்த மறுப்புக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒப்புக்கொண்டு ஒரு படி மேலே போகிறேன். பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்ஸும் 2010 உலக போக்கர் தொடரை ஆராய்ந்தபோது, திறமைசாலிகள் என்று முன்கூட்டியே அடையாளம் காணப்பட்டவர்கள் போட்ட பணத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் ஈட்டியிருந்தார்கள். மற்றவர்கள் 15 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தார்கள். போக்கர் திறமை ஆட்டம்தான் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். சரி, ஆனால் அந்தச் சான்று சொல்லும் மறுபாதி என்ன? அதிர்ஷ்டம் மட்டுமே ஆளும் ஆட்டத்தில் பலவீனருக்கும் எப்போதாவது யோகம் அடிக்கும். திறமை ஆளும் ஆட்டத்தில் பலவீனர் தோற்பது நாளாக ஆக நிச்சயமாகிறது. தான் பலவீனர் என்பதே அவருக்குத் தெரியாது. போன முறை துரதிர்ஷ்டம், இந்த முறை பிடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நடுவில் நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஓர் ஆட்டம் திறமை சார்ந்தது என்பது அதைப் பணம் வைத்து ஆடுவதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது, அது எச்சரிக்கை. நம் சட்ட விவாதம் அரைநூற்றாண்டாக இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. தீர்ப்பு எப்படி வந்தாலும், கேள்வியைச் சரியான இடத்துக்கு நகர்த்தியது அந்தச் சட்டம் என்பதே என் கருத்து. ஆடுபவரைத் தண்டிக்காமல், நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் பிடிக்கிறது என்பதும் சரியே.

பணத்தைக் கண்டிக்கும் வேகத்தில் திறமையையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். 71ஆவது அமைச்சருக்கு, 110ஆவது காதலருக்கு. பேசாத ஒருவரின் உள்ளத்தை அறிவது ஆட்சிக்கும் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும் என்று நினைத்தவர் அவர். அவரே சூதை 94ஆவது அதிகாரத்தில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தார். இரண்டையும் குழப்பிக்கொள்ளாத தெளிவு அது. திரையையே பார்த்து வளரும் ஒரு தலைமுறைக்கு, எதிரே இருப்பவரை ஒரு மணி நேரம் இடைவிடாமல் கவனிக்கும் பயிற்சி வேறு எங்கே கிடைக்கிறது? நேர்காணல் எடுப்பவர், மருத்துவர், வழக்கறிஞர், கடைக்காரர், ஆசிரியர் எல்லோருக்கும் தேவைப்படும் பயிற்சி இது. முதல் பார்வையில் முடிவெடுக்காதே, ஒருவரின் இயல்பு தெரியும்வரை பொறு, உன் ஊகத்துக்கு எதிரான சான்று வந்தால் மாற்றிக்கொள் என்று ஒவ்வொரு கையிலும் உடனுக்குடன் கற்பிக்கும் ஆட்டங்கள் மிகச் சில. கோழிக்கோடு ஐ.ஐ.எம். போக்கரை வைத்தே மேலாண்மை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியதில் வியப்பில்லை.

பணம் இல்லாவிட்டால் போக்கர் செத்துவிடும் என்று ஆடத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இழக்க ஏதுமில்லாதபோது எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஈடு கொடுப்பார்கள், இல்லாததை இருப்பதாகக் காட்டும் பிளஃப்புக்கு மதிப்பே இருக்காது என்பது அவர்கள் வாதம். அனுபவத்திலிருந்து வரும் வாதம்தான், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இழப்பு என்றால் ரூபாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவருக்கும் நூறு புளியங்கொட்டை கொடுத்து, தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும், மறுபடி வாங்க முடியாது, கடைசிவரை இருப்பவர் பெயர் சுவரில் எழுதப்படும் என்று வைத்துப்பாருங்கள். எழுந்துபோக யாருக்கும் மனம் வராது. கொட்டையை எண்ணி எண்ணித்தான் வைப்பார்கள். பிரிட்ஜ் ஆட்டம் இந்த வழியில்தான் மதிப்புப் பெற்றது. ஒரே சீட்டுப் பங்கீட்டைப் பல மேசைகளுக்கும் கொடுத்து, யார் அதை நன்றாகக் கையாண்டார் என்று புள்ளி போடுகிறார்கள், அதிர்ஷ்டம் கழிந்துபோகிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்கு அதில் தங்கம் வாங்கித் தந்தார்கள். அப்போது பர்தனுக்கு வயது 60. சீட்டுக்கட்டைத் தொட்டவரெல்லாம் சூதாடி என்று நினைக்கும் ஊரில் இந்தச் செய்தி இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிதில்லை. 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் பணயம் வைத்து ஆடுவதையும் சூதாட்ட விடுதி நடத்துவதையும்தான் குறிவைக்கிறது. பணயமில்லாமல் நண்பர்கள் ஆடுவதை அது தொடவில்லை. ஆனால் இது பொதுமக்களுக்குத் தெரிவதில்லை. மனமகிழ் மன்றத்திலோ தங்கும் விடுதியிலோ சீட்டுக்கட்டைப் பார்த்தாலே ரெய்டு வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தின் மறைவில்தான் பூட்டிய அறைகளில் பணம் வைத்த ஆட்டம் வளர்கிறது. பணயமில்லாத சீட்டுப் போட்டிகளை மன்றங்களும் கல்லூரிகளும் வெளிப்படையாக நடத்தலாம் என்று மாநில அரசு ஒரு சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். நடத்துபவர்கள் இரண்டு விதிகளை விட்டுக்கொடுக்கக் கூடாது: மேசையில் போன் இருக்கக் கூடாது, நுழைவுக் கட்டணமும் பணப் பரிசும் கூடாது. பணம் வைத்து ஆடும் பழக்கத்தில் ஏற்கெனவே சிக்கி மீள முடியாமல் தவிப்பவர்கள் 104 என்ற அரசு உதவி எண்ணை அழைத்துப் பேசலாம். வீட்டில் அப்படி ஒருவர் இருப்பது தெரிந்தால் அவருக்காக நீங்களே அழையுங்கள்.